பேரை அழிச்ச பிறகு

உக்காருங்க அண்ணாச்சி, உக்காருங்க. அந்தப் பையை மட்டும் மிதிச்சிராதிய. உள்ள வெள்ளை கவுன் இருக்கு, தலைக்கு வைக்கிற பூமுடி, மெழுகுதிரி எல்லாம் இருக்கு. நாளைக்கு என் தங்கச்சி மகளுக்குப் புதுநன்மை, கோயில்ல முதல் நற்கருணை வாங்குதா. மணப்பாட்டுல. நீங்க எதுவரைக்கும்? உவரியா? சரி, அப்போ எனக்கு அப்புறமும் போவிய.

ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடிச்சு வைங்க. இல்ல, அந்தப் பக்கத்தையாவது திருப்பிக்கிடுங்க. 'புயல் வலுவிழந்தது.' எவன் எழுதுறான் இதை? ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிட்டு டீயைக் குடிச்சுக்கிட்டு எழுதுறான். வலுவிழந்ததாம்! இவன் போயி கையைப் பிடிச்சுப் பாத்தானா? இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அண்ணாச்சி எங்க வீட்டு மாப்பிள்ளைக்குக் கால் போச்சு.

கோவமா? ஆமா, கோவந்தான். ஏழு மாசமா இருக்கு. இறங்க மாட்டேங்குது.

நான் கப்பல்ல போசன். அல்போன்ஸ்னு பேரு. போசன்னா டெக்குல, அதான் கப்பலோட மேல்தளத்துல, வேலை பாக்குற ஆளுகளுக்கு மேஸ்திரின்னு வச்சுக்கிடுங்க. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மாப்பிள்ளை ரெமிஜியஸ், என் தங்கச்சி பிலோமியோட வீட்டுக்காரர். வலை இழுத்துக்கிட்டு இருந்த ஆளை நாந்தான் கம்பெனியில பேசி, படிக்க வச்சு, என் கப்பல்லயே ஏத்துனேன். நாந்தான். அதை இன்னைக்கு ஒருத்தரும் சொல்ல மாட்டாவ. கால் போனதை மட்டும் சொல்லுதாவ.

கால் இருக்கு அண்ணாச்சி, இல்லன்னு இல்ல. உள்ள மூணு கம்பி. முட்டி மடங்காது. டாக்டர் 'கடலுக்கு லாயக்கில்லை'ன்னு முத்திரை குத்திட்டாரு. முப்பத்தாறு வயசு. அதோட முடிஞ்சுது.

அன்னையிலருந்து என் தங்கச்சி என்கூடப் பேசல. என்ன சொல்லி அனுப்பியிருக்கா தெரியுமா? 'புதுநன்மைக்குத் தாய்மாமன் வரட்டும். வந்து, வாசல்ல நின்னு, நான்தான் அவரை அனுப்பினேன்னு என் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம். சொல்லாட்டா படி ஏற வேண்டாம்.' கேட்டியளா? தாய்மாமன் இல்லாம கோயிலுக்குப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போவாளாம். நான் என்ன அனுப்பினேன்? நான் யாரையும் அனுப்பல. அனுப்பாததை எப்படி அனுப்பினேன்னு சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்க.

சொல்லாதிய. முதல்ல முழுசாக் கேளுங்க.

போன அக்டோபர் மாசம். ஜப்பான்ல சரக்கை இறக்கிட்டுக் கப்பல் காலியாப் போகுது, கனடாவுக்கு. அங்க கோதுமை ஏத்தணும். கோதுமைன்னா சும்மா இல்ல அண்ணாச்சி. கப்பலோட சரக்கு அறைகளைத் தண்ணி அடிச்சுக் கழுவி, சுரண்டி, தொடச்சு, சாப்பாட்டுத் தட்டு மாதிரி வைக்கணும். அங்க ஒரு ஆபீசர் டார்ச் லைட்டோட இறங்குவான். மூலையில ஒரு துரு இருந்தாலும் 'ஃபெயில்'ன்னு சொல்லிட்டுப் போயிருவான். கப்பல் சும்மா கிடக்கும். அந்தக் கேவலம் யாருக்கு? போசனுக்கு. என் இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை ஃபெயில் கிடையாது. ஒரு தடவை கூட.

அந்த நேரத்துல பாத்து ஒரு டைஃபூன். அந்தப் பக்கத்துல புயலுக்கு டைஃபூன்னுதான் சொல்றது. ஏதோ பூவோட பேரு வச்சிருந்தான், வாயில நுழையாது. பத்து நாளா தெக்க கிடந்து ஆமை மாதிரி வந்துச்சு. எங்களுக்கு நானூறு மைல் பின்னால. ஆனாலும் கேப்டன் டெக்கு வேலையை நிறுத்திட்டாரு. எல்லாத்தையும் கட்டு, கயித்தைக் கட்டு, பிடிச்சு நடக்க லைஃப்லைன் போடு. ரெண்டு நாள் வேலை போச்சு. அஞ்சு அறையில ரெண்டுதான் கழுவியிருக்கு. எனக்கு எப்படி இருக்கும்?

எங்க கப்பல்ல ஒரு வழக்கம். மெஸ் ரூம்ல ஒரு வெள்ளைப் போர்டு. புயல் இருந்தா அதோட பேரை எழுதி, கீழ தினமும் அது எங்க நிக்குதுன்னு எழுதுவாவ. வானிலைச் செய்தியில அந்தப் பேரு நின்னு போச்சுன்னா, எவனாவது ஒருத்தன் எந்திரிச்சுப் போயி அந்தப் பேரைக் கையால அழிப்பான். அழிச்சவன் அன்னைக்கு ராத்திரிக்கு என்ன கேக்கிறானோ அதைக் குக் சமைக்கணும். மறுக்கக் கூடாது. எல்லாரும் கையைத் தட்டுவோம். யாரு ஆரம்பிச்சதோ, எந்தக் காலத்துலயோ.

அன்னைக்குக் காலையில செய்தி வந்துச்சு. நானே வாசிச்சேன். எனக்கும் இங்கிலீஷ் தெரியும். 'டைஃபூன் வலுவிழந்து சாதாரணக் குறைந்த அழுத்தமா மாறிருச்சு. இதுவே கடைசி எச்சரிக்கை.' கடைசின்னு போட்டிருக்கான் அண்ணாச்சி! கடைசின்னா என்ன அர்த்தம்? எந்திரிச்சேன். அழிச்சேன். 'மட்டன் சுக்கா'ன்னு சொன்னேன். பயலுக எல்லாம் கையைத் தட்டுனானுக. மாப்பிள்ளையும் தட்டுனாரு. அவருதான் ரொம்பச் சத்தமாத் தட்டுனாரு.

அப்பத்தான் அந்தப் பொண்ணு வந்துச்சு. சாருலதான்னு பேரு, செகண்ட் மேட்டு. கடலூர்க்காரி, இருபத்தெட்டு வயசு இருக்கும். கப்பல் எங்க போகணும்னு கோடு போடுற வேலை அதோட வேலை. போர்டைப் பாத்துச்சு. 'யாரு அழிச்சா?'ன்னு கேட்டுச்சு. நான் அழிச்சேன்னேன். பேனாவை எடுத்துத் திரும்ப எழுதுச்சு. பேரு எழுதல. வெறுமனே குறைந்த அழுத்தத்துக்கு 'லோ'ன்னு போட்டு, பக்கத்துல 'மணிக்கு நாப்பது மைல், அகலம் அறுநூறு மைல்'னு எழுதுச்சு.

'மேடம், பேரே போன புயலுக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை?'ன்னு கேட்டேன். பயலுக சிரிச்சானுக. நான் சிரிக்க வைக்கத்தான் கேட்டேன், மறைக்கல.

அது சிரிக்கல. 'போசன், அது சாகல. உருவத்தை மாத்துது'ன்னுச்சு. 'டைஃபூன்னா சூடான கடல்ல இருந்து எந்திரிக்கிற ஆவியைச் சாப்பிட்டு வளர்றது. உருண்டையா, இறுக்கமா இருக்கும். நடுவுல கண்ணு, சுத்திச் சுவரு, அடியெல்லாம் அந்த நடுவுலதான். இப்போ அது வடக்க வந்துட்டு. தண்ணி குளுந்து போச்சு. மேல ஆகாசத்துல மேக்கருந்து கிழக்க ஓடுற பெருங்காத்து அதோட தலையைப் பிடிச்சு இழுக்குது. ஒரு பக்கத்துல குளிர்க்காத்து உள்ள நுழையுது. அதனால கண்ணு உடைஞ்சிருச்சு.'

'கண்ணு உடைஞ்சா செத்துச்சுன்னுதான அர்த்தம்?'னு கேட்டேன். கேக்கக் கூடாதா?

'இல்ல போசன். சாப்பாட்டை மாத்திக்கிடுச்சு. இனிமே கடல்சூடு வேண்டாம் அதுக்கு. குளிர்க்காத்தும் சூட்டுக்காத்தும் ஒண்ணை ஒண்ணு முட்டுதில்ல, அந்தச் சண்டையில இருந்து பலம் எடுக்கும். வட்டம் போயி கோணலாகும். ஒரு பக்கம் மழையாக் கொட்டும், காத்து எல்லாப் பக்கமும் விரியும்'னுச்சு. பிறகு மாப்பிள்ளையைப் பாத்து, 'ரெமி அண்ணா, உங்க ஊருல புரோட்டா மாவு உருண்டையைத் தட்டி வீசுவாங்கல்ல? உருண்டையா இருந்தப்போ கைக்குள்ள அடங்கும். வீசுனா கல்லு பூராவும் பரவும். மாவு குறைஞ்சுதா?'ன்னு கேட்டுச்சு.

மாப்பிள்ளை, 'குறையல மேடம்'னாரு. என்னமோ பள்ளிக்கூடத்துல பதில் சொல்ற மாதிரி. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் ஆளு அவரு. என் முன்னால அவளுக்குத் தலையாட்டுதாரு.

நான் விடல. 'மேடம், நாம புயலுக்கு இடது பக்கத்துல இருக்கோம். இடது பாதி கப்பலுக்கு லேசு, வலது பாதிதான் எமன். இது நீங்க பிறக்கிறதுக்கு முன்னாலயே கப்பல்காரன் கண்டுபிடிச்ச கணக்கு'ன்னேன். 'அது வட்டமா இருக்கிற புயலுக்குக் கணக்கு போசன். இது இப்போ வட்டமே இல்ல. இதுக்கு லேசான பாதின்னு ஒண்ணு கிடையாது. இன்னும் ஒண்ணு, பத்து நாளா நடந்தது இனிமே ஓடும். சாயங்காலத்துக்குள்ள நம்மளைப் பிடிச்சிரும். அதோட காத்து அதுக்கு முன்னாடியே வந்துரும். லைஃப்லைனை அவுக்காதீங்க. பிரிட்ஜைக் கேக்காம முன்டெக்குக்கு ஒருத்தரும் போகக் கூடாது. கேப்டன் ஆர்டர்'னு சொல்லிட்டு, கப்பலை ஓட்டுற மேல் அறை, அதான் பிரிட்ஜு, அங்க ஏறிப் போயிருச்சு.

பத்து நாளா ஆமை மாதிரி நகந்தது மறுநாள் குதிரையா ஓடுமா அண்ணாச்சி? நம்ம பக்கத்துல எத்தனை புயல் பாத்திருக்கோம். கரையைத் தொடும், ரெண்டு பனையைச் சாய்க்கும், அப்படியே மழையாகிக் கரைஞ்சிரும். கடலுக்குள்ளயே ஒரு புயல் செத்து, வேற ஒண்ணாப் பிறந்து வரும்னு எங்கயாவது கேட்டிருக்கியளா? நான் கேட்டதில்ல. எனக்கு யாரு சொன்னா?

சரி, அந்தப் பொண்ணு சொல்லுச்சு. சொல்லுச்சு. அதைத்தான் எல்லாரும் பிடிச்சுத் தொங்குதாவ.

ஹலோ... ஆங், மாப்ள... திருச்செந்தூர் தாண்டிட்டோம்... வேண்டாம்... வேண்டாம்னு சொல்லுதம்லா! விலக்குக்கு எல்லாம் வர வேண்டாம். நான் ஆட்டோ பிடிச்சு வாரேன்... வச்சிருங்க.

பாத்தியளா? விலக்குல வந்து நிப்பாராம். பஸ் நிக்கிற விலக்குல இருந்து ஊருக்குள்ள ஒரு நடை இருக்கு. அந்தக் காலை வச்சுக்கிட்டு நடந்து வந்து நிப்பாராம், என்னைக் கூப்பிட. இதுதான் அண்ணாச்சி எனக்கு ஆகமாட்டேங்குது. இந்த ஆளு என்னைத் திட்டியிருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்.

எங்க விட்டேன்? ஆங். மத்தியானம் சாப்பாடு ஆச்சு. வெளிய பாத்தா மழை. காத்து சும்மா கொஞ்சம் இருக்கு, மழைதான் கொட்டுது. பாத்தியளா, புயல் மழையாப் போச்சுன்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு ஒரு பக்கம் மழைன்னு சொல்லுச்சேன்னு கேக்கியளா? அப்போ எவனுக்கு ஞாபகம் வரும்? எனக்கு மூணாம் நம்பர் அறை ஞாபகந்தான். உள்ள பழைய சரக்குத் தூசி சிமெண்டு மாதிரி ஒட்டிக் கிடக்கு. தண்ணியை உறிஞ்சுற பம்பு கப்பலோட மூக்குல, போசன் ஸ்டோர்ல கிடக்கு. பம்பு இருந்தா அறைக்குள்ள உக்காந்து வேலையைப் பாக்கலாம். டெக்குல நிக்கவே வேண்டாம்.

நான் சொன்னது இவ்வளவுதான். 'பம்பு முன்னால இருக்கு'ன்னு சொன்னேன். விசாரணையிலயும் அதைத்தான் எழுதிக் குடுத்தேன். பம்பு முன்னால இருக்குன்னு சொன்னா, போயி எடுன்னு அர்த்தமா? வீட்டுல நீங்க 'உப்பு அடுப்பங்கரையில இருக்கு'ன்னு சொல்ல மாட்டியளா?

மாப்பிள்ளை போனாரு. மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டுப் போனாரு. லைஃப்லைன்... அது அங்க இல்ல. காலையில போர்டை அழிச்ச உடனே பயலுக ரெண்டு பேரு போயி அவுத்துட்டானுக. கேப்டன் ஆர்டர் வந்தது அதுக்குப் பிறகு. திரும்பக் கட்டணும்னு நினைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு கட்டலாம்னு.

அப்போ வந்துச்சு அண்ணாச்சி. பின்னால நானூறு மைல்ல கிடந்த சனியன், முன்னால வந்து அடிக்குது. காத்து கிழக்கருந்து நேரா மூக்குல. பத்து நிமிஷத்துல. மழை நின்ன மாதிரி இருந்துச்சு, நிக்கல. படுத்துக்கிட்டுப் போகுது. கடல் எந்திரிச்சுச்சு. வங்காள விரிகுடாவுல பாக்குற அலை இல்ல அது, நீளமான அலை, ஒரு தெரு எந்திரிச்சு வந்த மாதிரி. காலிக் கப்பல், தக்கை மாதிரி மூக்கைத் தூக்கிட்டு, டமால்னு விழுது. பிரிட்ஜுல இருந்து அந்தப் பொண்ணு மைக்குல கத்துது, 'முன்டெக்குல யாரு? முன்டெக்குல யாரு?'

நான் ஓடுனேன். ஓடலைன்னு யாராவது சொல்லட்டும், நாக்கை அறுக்கேன். முழங்காலால தவந்து போனேன். மாப்பிள்ளை ரெண்டாம் நம்பர் அறை மூடிக்கிட்ட கிடக்காரு. பம்பை நெஞ்சோட கட்டிப் பிடிச்சிருக்காரு. கால் பின்பக்கமாத் திரும்பிக் கிடக்கு. பம்பை விடலை அண்ணாச்சி. விடும்யா விடும்யான்னு கத்துதேன், 'மச்சான், பம்புக்கு ஒண்ணும் ஆகல'ங்காரு.

கப்பலைத் திருப்பி ஜப்பானுக்கு வர ரெண்டு நாள். காத்து ராவும் பகலும் விடல. வலுவிழந்த புயல்! அந்த ரெண்டு நாளும் அவரு கத்துன கத்தல் இருக்கே... அதை நான் பிலோமிட்டச் சொல்லல. யாருட்டயும் சொல்லல. உங்ககிட்டத்தான் சொல்லுதேன்.

பிறகு விசாரணை. கம்பெனி ஆளு ரெண்டு பேரு வந்தாவ. நான் எழுதிக் குடுத்தேன், 'யாரையும் முன்டெக்குக்கு அனுப்பவில்லை.' அந்தப் பொண்ணு, போசன்ட்டக் காலையிலயே எச்சரிச்சோம்னு நேரத்தோட எழுதிக் குடுத்துச்சு. நல்லவ. அதோட விட்டுச்சா? பிலோமிக்குப் போன் பண்ணி அதையும் சொல்லியிருக்கு. அடுத்தவங்க குடும்பத்துல இவளுக்கு என்ன வேலை?

கடைசியா ஆஸ்பத்திரியில மாப்பிள்ளைட்டக் கேட்டாவ, 'உங்களை யாரு அனுப்பினா?'ன்னு. நான் கட்டிலுக்குப் பக்கத்துல நிக்கேன். அவரு என்னைப் பாக்கவே இல்ல. 'நானாத்தான் போனேன் சார். யாரும் சொல்லல'ன்னாரு. கையெழுத்தும் போட்டாரு. எழுதி முடிச்சாச்சு. என் சர்வீஸ்ல ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. அடுத்த மாசம் அடுத்த கப்பல். 'உத்தரவை மீறிப் போனவர்'னு அவரு பேருலதான் எழுதியிருக்கு.

நான் கேட்டேனா அண்ணாச்சி? இப்படிச் சொல்லும்யான்னு நான் கேட்டேனா? ஒரு கண்ணுகூடக் காட்டல. அவராச் சொன்னாரு. அவரா எனக்குப் பிச்சை போட்டாரு. அதையும் வாங்கிக்கிட்டு, நான் அவரு வீட்டு வாசல்ல போயி நின்னு, நீரு சொன்னது பொய்யின்னு சொல்லணுமாம். அவரு பொய் சொன்னாரா? அவரே போனேன்னு சொல்லுதாரு, பிறகு நான் யாரு?

ஏன் அப்படிப் பாக்கிய? நீங்க வேணா பேப்பரைப் படிங்க.

கண்டக்டர், மணப்பாடு விலக்கு! ஆங், நிறுத்துங்க, நிறுத்துங்க.

அட, அங்க பாருங்க. சொல்லச் சொல்லக் கேக்காம வந்து நிக்காரு பாருங்க. மேல ஒரு கூரை கிடையாது, ஒரு மர நிழல் கிடையாது. கம்பை ஊனிக்கிட்டு நிக்காரு. பின்னால யாரு? பிலோமியா? அவ எதுக்கு வந்தா? இவரைத் தனியா விடமாட்டா, அதான் வந்திருப்பா. முகத்தைப் பாருங்க, நேரா என்னைத்தான் பாக்கா. கொஞ்சம் வழி விடுங்க அண்ணாச்சி. பையை ஜன்னல் வழியாத் தாரியளா?

'யோவ் மாப்ள! உமக்கு அறிவு இருக்கா? உச்சி வெயில்ல இந்தக் காலை வச்சுக்கிட்டு எதுக்கு வந்து நிக்கீரு? வராதியன்னு சொன்னா மட்டும் கேக்க மாட்டீரு, என்ன? அன்னைக்குக் கேட்டீருல்லா! பம்பை எடுத்துட்டு வாரும்னு நான் சொன்ன உடனே, ஏன்னு ஒரு கேள்வி கேக்காம எந்திரிச்சுப் போனீருல்லா! போகக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னது உமக்கும் தெரியும். முடியாது மச்சான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன உம்மை அடிச்சா போட்டுருப்பேன்? நான் போகச் சொன்னா போயிருவீரா? போயிருவீராய்யா?'

என்ன... ஏ பிலோமி, என்ன? எதுக்கு இப்போ தலையில கையை வச்சுக்கிட்டு உக்காருத? ஏ பிள்ள, எந்திரி, ரோடு. எல்லாரும் பாக்காவ.

அண்ணாச்சி, இவ ஏன் இப்படி அழுவுதா? நான் இன்னும் வாயே திறக்கலையே!